உதட்டில் இருந்த குண்டூசிகள்

அன்று மாலை அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பல் மருத்துவர் புரொதான் கியோசெவ். பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் எவ்தோக்கியா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் காஞ்சோ. என் மருமகள் ஸ்னெஷினா. கடைசியில் வந்து சேர்ந்த ஒரு மாடல். அவளை ஸ்மராந்தா என்று அழைக்கிறேன், அது அவளுடைய பெயர் அல்ல. ஆறாவது ஆள் நான், வெலிஸார் தபாக்கோவ், கடைத்தெருவில் என் அப்பா திறந்த புகைப்பட நிலையத்தை இன்றும் நடத்துகிறவன். வேறு யாரும் இல்லை. "நானும் அங்கே இருந்தேன்" என்று ரூசே நகரில் இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லோரும் உண்மையில் வந்திருந்தால் அந்த மாடி இடிந்து விழுந்திருக்கும்.

எங்கள் புகைப்படக் கழகம் வியாழக்கிழமைகளில் படிப்பகத்தின் மாடியறையில் கூடுகிறது. ஸ்டுடியோவில் மாடல்களை உட்கார வைத்து எடுக்கும் உருவப்படங்கள் மட்டும்தான் எங்கள் வேலை. ஆற்றையும் பூனையையும் எடுப்பவர்களுக்கு வேறு கழகம் இருக்கிறது. படத்தைப் பெயரில்லாமல் பலகையில் குத்துவோம். எடுத்தவர் மற்றவர்களோடு கலந்து உட்கார்ந்திருப்பார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது, முகம் மாறக் கூடாது. பிறகு எழுந்து நின்று "என்னுடையது" என்று சொல்ல வேண்டும். "அழகாக இருக்கிறது" என்ற பேச்சு எங்கள் அறையில் செல்லாது. எங்கே அழகு, எதனால் அழகு என்று சொல்லத் தெரியாதவர் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இந்த விதிகளை எழுதியவன் நான்.

எழுதினேனே தவிர, என் படம் எதுவும் அந்தப் பலகைக்குப் போனதில்லை. தபாக்கோவ் வீட்டார் கருத்துச் சொல்வார்கள், கேட்டுக்கொள்வதில்லை. இது எனக்கு இயல்பாகவே பட்டது. அச்சிட்ட படத்தில் மாடலின் கண்மணிக்குள் விழுந்திருக்கும் வெளிச்சப் புள்ளியைப் பார்த்தால் போதும், விளக்கு எங்கே நின்றது, அதற்கு மாட்டியது குடையா பெட்டியா, எத்தனை உயரம் என்று நான் சொல்லிவிடுவேன். தவறியதில்லை. ஊரில் எனக்கு அதனால் ஒரு பெயர் உண்டு.

முந்தைய வாரம் புரொதான்தான் கிளறிவிட்டார். "கத்தி எப்பவும் உங்க கையிலயே இருக்கு, வெலிஸார் அண்ணே. ஒருநாள் நாற்காலியில உக்காந்து பாருங்க. பயப்படாதீங்க, மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எடுத்து வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போதே எந்தப் படத்தைக் கொண்டுபோவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தப் படம் எடுத்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாண உடை தைக்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பரப் புத்தகத்துக்காக ஸ்மராந்தா எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து உடை மாற்றி உடை மாற்றி நின்றாள், சிரித்தாள். உடைகள் யாருக்கோ தைத்தவை. அவளுடைய இடுப்புக்கு ஏற்றபடி முதுகுப் பக்கம் குண்டூசி குத்திப் பிடித்திருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்தது. நிறுவனத்துப் பெண் உடைகளைத் தூக்கிக்கொண்டு கீழே வண்டிக்குப் போனாள். ஸ்மராந்தா முக்காலியில் உட்கார்ந்து கடைசி உடையின் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மின்கம்பிகளைச் சுருட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். ஒரு விளக்கு அணையாமல் இருந்தது. கேமரா என் கையில் இருந்தது.

அந்தப் படத்தில் என்ன தெரிந்தது என்று நான் எழுதப்போவதில்லை. நாள் முழுதும் எங்களுக்குக் காட்டிய முகத்தை அவள் கழற்றி வைத்திருந்தாள், அதற்கு அடியில் தன் தொழிலில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் காத்துவந்த ஒன்று இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன். இதைப் படித்துவிட்டு யாராவது எதையாவது ஊகித்து என்னிடம் வந்து கேட்டால், என்னிடமிருந்து ஆமாமும் வராது, இல்லையும் வராது.

எடுத்த படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் அவளிடம் காட்டினேன். பார்த்தாள். "இதைக் கழகத்துல வெக்கலாமாம்மா?" என்று கேட்டேன். வாயில் ஊசிகள் இருந்தன. தலையை மேலும் கீழுமாக அசைத்தாள்.

எங்கள் பல்கேரியாவில் அப்படி அசைத்தால் வேண்டாம் என்று பொருள். இடமும் வலமும் ஆட்டினால் ஆமாம். டான்யூப் ஆற்றின் அந்தக் கரையில், ருமேனியாவில், நேர் எதிர். ஸ்மராந்தா அந்தக் கரைக்காரி. பாலத்தின் இந்தப் பக்கம் கடை வைத்திருப்பவனுக்கு இது அரிச்சுவடி. அவர்கள் வந்தால் அவர்கள் தலையசைப்பை அவர்கள் வழக்கப்படி எடுத்துக்கொள்வோம், அதுதான் மரியாதை. அப்படியே எடுத்துக்கொண்டேன். சம்மதம் கிடைத்தது என்று கேமராவை உறையில் போட்டேன்.

எங்கள் நிலையத்தின் வாசலில், எடுத்த படங்களை ஊர் பார்க்க மாட்டிவைக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் யாருடைய முகமும் அவர் சொல்லாமல் ஏறாது என்பது அப்பா வைத்த சட்டம். கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த அந்தக் காலத்தில் மாவட்டக் கட்சிச் செயலாளரே தன் மகள் படத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியபோது, "பொண்ணு வந்து வாயால சொல்லட்டும்" என்று அப்பா திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அரசுக் கிடங்கிலிருந்து எங்களுக்குக் காகிதமும் ரசாயனமும் சரியாக வரவில்லை. ஆனால் ஊரில் எங்கள் பெயர் நின்றது. ஒரு தாய் தன் மகளைத் தனியாக எங்கள் நிலையத்துக்கு அனுப்புவாள். எனக்கு அப்பா விட்டுப்போன சொத்து அதுதான். வாயால் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. தலையும் வாயும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

படத்தை அச்சுக்குத் தயார் செய்தவள் ஸ்னெஷினா. என் மகன் ஆற்றுக் கப்பலில் வேலை பார்க்கிறான். நிலையத்தில் குழந்தைகளைப் படம் எடுப்பதும் கணினி வேலை முழுவதும் அவளுடையவை. திரையில் பெரிதாகப் பார்த்தபோது உதட்டிலிருந்த ஊசிகள் மின்னி என் கண்ணை உறுத்தின.

"ஊசிய எடுத்துரு. கண்ணுக்குப் போற பார்வைய வாயில இழுத்து வெக்குது."

அவள் உடனே செய்யவில்லை. "மாமா, இந்தப் பொண்ணு சரின்னு சொல்லுச்சா?"

"இந்த வீட்டுல வந்து கேக்கற கேள்வியா அது?"

"இல்ல மாமா. சும்மா கேட்டேன்."

ஊசிகளை அழித்தாள். நன்றாகவே அழித்தாள். இருந்த தடமே தெரியவில்லை.

வியாழக்கிழமை முதலில் பலகையில் ஏறியது புரொதானின் படம். பெயர் இல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும்; அவர் எடுத்தால் மாடல்கள் எல்லோரும் அண்ணாந்தே இருப்பார்கள்.

"இந்தப் பொண்ணு மாடலா, நோயாளியா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் விட்டா வாயக் கொப்பளிச்சுத் துப்பியிருப்பா. கண்ணப் பாருங்க. ரெண்டு விளக்கு, ஒண்ணு கீழேர்ந்து. கீழேர்ந்து எதுக்கு? மூக்குத் துவாரம் ரெண்டும் ரயில் சுரங்கம் மாதிரி இருக்கு."

காஞ்சோ மேசையில் தட்டிச் சிரித்தார். "அண்ணே கண்ணுக்குள்ள பாத்து விளக்கு நின்ன இடத்தச் சொல்லிருவாரு. அந்தப் பொண்ணு எந்த இடத்துல இருந்தான்னு கேட்டா மட்டும் தெரியாது."

"அது எனக்கெதுக்கு?" என்றேன். அது நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன்.

புரொதான் எழுந்து, "என்னுடையது. சுரங்கம் உட்பட," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கேட்டுக்கொள்ளத் தெரிந்த மனிதர்.

அடுத்து என் படம் ஏறியது. படங்கள் எல்லாம் முன்பே ஒரு கட்டாக மேசையில் இருந்ததால் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. ஸ்னெஷினாவுக்கு மட்டும் தெரியும். அவள் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் நாற்காலிகளைப் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். அது எனக்கு இனித்தது. அதை மறைக்கப்போவதில்லை.

"வெளிச்சத்துல தப்புக் கண்டுபிடிக்க முடியல," என்றார் காஞ்சோ. "ஒரே விளக்கு. இடது பக்கம். காதுப் பக்கம் இருட்டு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா அது வேணும்னே விட்டது. சுத்தமான கை."

"சுத்தமான கைதான்," என்றார் எவ்தோக்கியா. அவர் பலகைக்கு அருகே போய் நின்றிருந்தார். "அதான் எனக்குச் சங்கடமா இருக்கு. இந்தப் பொண்ணுக்குத் தன்னை யாரோ பாக்கறாங்கன்னே தெரியல. தெரிஞ்சிருந்தா இப்படி உக்காந்திருக்க மாட்டா. மாடல்னா நமக்கு எதையோ குடுக்கறவ. இதுல அவ குடுக்கல. யாரோ எடுத்துக்கிட்டாங்க."

"கலைன்னா கொஞ்சம் எடுத்துக்கறதுதானே டீச்சரம்மா?" என்றார் காஞ்சோ.

"எங்க வீட்டுத் தோட்டத்துல வேலி தாண்டி வந்து பிளம் பழம் எடுக்கறவனும் அதையேதான் சொல்றான்."

அவள் சம்மதித்தாள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. விதி என்னுடையது. பேசாமல் இருந்தேன். முகம் மாறாமல் இருக்கத்தான் கஷ்டமாக இருந்தது. மற்றவர்களை எத்தனை ஆண்டுகள் இப்படி உட்கார வைத்திருக்கிறேன் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது.

பிறகு புரொதான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அருகே போனார். "எனக்கு வாய்தான் இடிக்குது. சிரிக்காத காஞ்சோ, வாய் என் தொழில். இந்த உதட்டப் பாரு. இது சோகமும் இல்ல, யோசனையும் இல்ல. தாடைத் தசை இறுகியிருக்கு. எதையோ பல்லு படாம கவ்விப் பிடிச்சிருக்கா. ஆனா அங்க ஒண்ணும் இல்ல. இல்லாத ஒண்ண ஒரு வாய் எப்படிப் பிடிச்சிருக்கும்?"

அப்போதுதான் கதவு திறந்தது. இரண்டாம் பாதியில் ஒரு மாடலை உட்கார வைத்து விளக்குப் பழகுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு யாரை அழைக்கலாம் என்று கழகத்தில் கேட்டபோது, ஸ்னெஷினா போன மாதமே ஸ்மராந்தாவின் பெயரைச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். எனக்கு அது நினைவில் இல்லை. மாடல் யார் என்பதை நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். ஒப்பனையோடு, நிமிர்ந்து, தொழிலுக்கு வந்த முகத்தோடு இருந்தாள். படத்தில் இருந்த முகம் வேறு. காஞ்சோவுக்கும் புரொதானுக்கும் இரண்டும் ஒருத்தி என்று தெரியவில்லை.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே," என்றார் புரொதான். "நாங்க பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. புதுக் கண்ணு ஒண்ணு வேணும். இந்தப் படத்தப் பாத்து மனசுல பட்டதச் சொல்லு. அழகுன்னு மட்டும் சொல்லாத, அண்ணன் திட்டுவாரு."

எழுந்து தடுத்திருக்கலாம். கழகத் தலைவனுக்கு அந்த உரிமை உண்டு. என் கைகள் முழங்கால் மேல் இருந்தன, அங்கேயே இருந்தன.

அவள் பலகையின் முன்னால் வந்து நின்றாள். நீண்ட நேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எங்கள் யாரையும்விட விதியைச் சரியாகக் காப்பாற்றினாள்.

"விளக்கு சரியான இடத்துல இருக்கு," என்றாள். பல்கேரிய மொழியை அவள் எங்களைப் போலவே பேசுவாள், கொஞ்சம் மெல்ல. "இந்த முகத்துக்கு எது பொருந்தும்னு நாள் முழுக்கப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவரு வெச்சது."

"தப்பு எதுவும்?"

"வாய்."

"அதான் நானும் சொன்னேன்," என்று புரொதான் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"அவ வாயில குண்டூசி இருந்துச்சு. நாலோ அஞ்சோ. அத அழிச்சுட்டாங்க. வாயில ஊசி இருக்கறவளால பேச முடியாது. தலையத்தான் அசைக்க முடியும். இதக் காட்டலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு அசைச்சா."

"உனக்கெப்படிம்மா தெரியும்?" என்று காஞ்சோ கேட்டார், கேட்டு முடிக்கும் முன்பே நிறுத்திக்கொண்டார்.

எவ்தோக்கியா எழுந்தார். படத்தைப் பலகையிலிருந்து எடுத்து, முகம் கீழே இருக்கும்படி திருப்பி மேசையில் வைத்தார். ஸ்மராந்தா அவருக்குத் தலை தாழ்த்தினாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள். "இன்னைக்கு உக்காரச் சொல்லியிருந்தீங்க. உக்காரவா, போகட்டுமா?"



ஸ்னெஷினா எழுந்து நின்றாள். "படம் என்னுடையது," என்றாள்.

என்னைப் பார்க்கவில்லை. பலகையில் படம் இருந்த காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்பா திறந்த நிலையம், வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி, எங்கள் வீட்டுப் பெயர், இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் போய் நின்றுகொண்டாள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வேறு ஒரு குடும்பப் பெயரோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள்.

நான் உடனே எழவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அது உண்டு. முழங்கால் அல்ல. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் நிற்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுப் பெயருக்குப் பாதி சேதம்தான் என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டான். அவனை எனக்கு அதற்கு முன் தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும்.

பிறகு எழுந்தேன். "இல்லை. என்னுடையது," என்றேன்.

இரண்டு பேரும் நின்றோம். காஞ்சோ தரையைப் பார்த்தார். புரொதான் என்னிடம் வந்து தோளில் கை வைத்தார். என் தோளில் யாரும் கை வைப்பதில்லை.

"உக்காருங்க அண்ணே. நீங்க என்ன செய்வீங்க, என்ன செய்ய மாட்டீங்கன்னு இந்த ஊருக்கே தெரியும். வீட்டுப் பொண்ண விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நிக்கறீங்க. பெரிய மனசு."

"நான்தான் எடுத்தேன், புரொதான்."

"சரிண்ணே, சரி," என்றார், காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல.

ஸ்மராந்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குக்கூட அது உதவியாக இருந்திருக்கும். "நான் யார் பேரையும் சொல்லல," என்றாள். போய்விட்டாள். படிகளில் அவளுடைய காலடி அவசரமில்லாமல் இறங்கியது.

மறுநாள் காலை படத்தையும், அது பதிவான கேமரா அட்டையையும் எடுத்துக்கொண்டு அவளுடைய குடியிருப்புக்குப் போனேன். ஸ்னெஷினா கணினியிலிருந்து எல்லாவற்றையும் என் முன்னாலேயே அழித்திருந்தாள். மின்தூக்கி ஓடவில்லை. ஏறினேன். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. உள்ளே புளித்த முட்டைக்கோஸ் வேகும் வாசனை. படிக்கட்டு முகப்பில் நின்றபடி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"உங்கிட்ட நான் கேட்டேன். நீ தலைய அசைச்சே."

"அசைச்சேன். இப்படி." மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள். "வேண்டாம்னு. நீங்க எல்லாரும் இப்படித்தானே சொல்றீங்க?"

"நீ அந்தக் கரையாச்சே. உங்க ஊர்ல இது ஆமாம்தானே?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள், சந்தோஷச் சிரிப்பல்ல.

"நான் இங்க வந்து ஒம்பது வருஷம் ஆச்சு ஐயா. வந்த புதுசுல சந்தையில முட்டைக்கோஸ் வேணுமான்னு கேட்டாங்க. ஆமாம்னு எங்க ஊர் மாதிரி அசைச்சேன். அந்தம்மா காயத் திரும்ப எடுத்து வெச்சுட்டா. மறுபடி கேட்டா, மறுபடி அசைச்சேன், மறுபடி எடுத்து வெச்சுட்டா. பின்னாடி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அன்னைக்கே மாத்திக்கிட்டேன். இப்ப எங்கம்மா வீட்டுக்குப் போனா, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமான்னு கேட்டா, வேண்டாம்னு உங்க மாதிரி அசைக்கறேன், அவ ஊத்திட்டே இருக்கா."

"நான் உனக்காகத்தான் அப்படி எடுத்துக்கிட்டேன். மரியாதைக்கு."

"தெரியுது," என்றாள். "நான் உங்களுக்காக மாறிட்டேன். நீங்க எனக்காக மாறினீங்க. ஆனா ஒம்பது வருஷத்துல எத்தன தடவ உங்க ஸ்டுடியோவுக்கு வந்திருப்பேன்? உங்க விளக்கு முன்னாடி நின்னு எத்தன தடவ தலைய ஆட்டியிருப்பேன்? திரும்பட்டுமா, போதுமா, இன்னும் ஒண்ணான்னு. ஒரு தடவையாவது பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் சொன்னது உண்மை. அவளுடைய கண்மணிக்குள் என் விளக்கைப் பார்த்திருக்கிறேன்.

படத்தையும் அட்டையையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். என் வயதில், படிக்கட்டில் நின்று, கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

"படத்த உங்க மருமக எடுத்தான்னு நெனைக்கறாங்க," என்றாள், கதவில் கை வைத்தபடி.

"நான் சொன்னேன். நம்பல."

"அத நீங்கதான் பாத்துக்கணும்."

அடுத்த வியாழக்கிழமை மறுபடி சொன்னேன். எவ்தோக்கியா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் எடுத்திருப்பேனோ என அவருக்குப் பாதி சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். புரொதான், "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமனாரு," என்று காஞ்சோவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. காஞ்சோ துறைமுகத்தில் சொன்னார், அங்கிருந்து ஊருக்குப் போனது. ரொட்டிக் கடையில் எனக்கு வழி விடுகிறார்கள். தேவாலய வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் தொப்பியைத் தூக்கினார். செய்த தவற்றுக்கு மரியாதை வாங்கிக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. முதுகை நேராக வைத்து நடப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான். இப்போது அந்த முதுகைச் சுமக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஸ்னெஷினாவிடம் பேசினேன். "விடுங்க மாமா," என்றாள். "வீட்டுப் பேரு நின்னுச்சுல்ல."

"உன் முதுகுல நிக்குது."

"எங்கயோ நிக்குது. சாப்பிட வாங்க, ஆறிடும்."

அப்படியே விட்டிருப்பேனோ என்னவோ. வசந்தத்தில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் விருந்துக்கு உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் காலம் வருகிறது. எங்கள் நிலையத்துக்கு ஆண்டின் பெரிய வேலை அதுதான். ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தாள். நான்தான் எடுத்தேன். "பெரியவரே, என் பொண்ண நீங்களே எடுப்பீங்கல்ல?" என்று கேட்டாள். "உங்க மருமக வேண்டாம். தப்பா நெனைக்காதீங்க, கேள்விப்பட்டோம்." பின்னாலேயே இன்னொரு தாய். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை அவர்கள் தவழும்போதிலிருந்து எடுத்தவள் ஸ்னெஷினா. அவள் பக்கத்து அறையில் விளக்குக்கு முன்னால் கட்டும் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் ஓசையில்லாமல் இருந்தது, பிறகு மறுபடி தொடங்கியது.

ஆகவே இதை எழுதிக் கழகத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். ஒரு பிரதியை வாசல் கண்ணாடிப் பெட்டியிலும் ஒட்டுகிறேன். பெட்டியில் இருந்த படங்களை எடுத்துவிட்டேன். எழுதுவதற்கு முன் ஸ்மராந்தாவிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்க. என் பேரும், படத்துல இருந்ததும் வேண்டாம்," என்றாள். வாயால் சொன்னாள். சொல்லும்வரை அவள் தலையை நான் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை என் மருமகள் எடுத்தாள் என்றும், நான் அவளைக் காப்பாற்ற எழுந்து நின்றேன் என்றும் ஊரில் சொல்கிறார்கள். ஸ்னெஷினா எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஊசிகளை அழிக்கச் சொன்னதும் நான். அந்தப் பெண் சம்மதித்தாளா என்று கேட்டவள் ஸ்னெஷினா ஒருத்திதான்.